சந்தை வழி மில்: இடியப்ப மா திரிக்க நம்பிப் போகலாம்

எங்கள் பக்கத்தில் முன்பு மூன்று மில்கள் மா திரித்தன. இப்போது மிஞ்சியிருப்பது யாழ்ப்பாணத்துக் கொடிகாமம் சந்தைக்குப் போகிற வழியில் உள்ள இந்தத் தகரக் கொட்டில் மட்டும்தான். பெயர்ப்பலகை கிடையாது. சந்தை நாளில் வாசலில் நிற்கும் சைக்கிள்கள்தான் அடையாளம்.

போன சனிக்கிழமை மூன்று கிலோ சிவப்புப் பச்சையரிசியை ஊறப்போட்டு, வடித்து, சருவச்சட்டியில் கொண்டு போனேன். மில்லுக்கார ஐயா ஒரு பிடி அள்ளிப் பொத்திப் பார்த்தார். "இன்னும் தண்ணி நிக்குது பிள்ளை" என்று சொல்லி, துணியை விரித்து அவரே பரப்பிவிட்டார். அரை மணித்தியாலம் போனது. ஆனால் அவர் செய்ததுதான் சரி. ஈரம் கூடினால் மா உள்ளே ஒட்டிச் சூடேறும். அப்புறம் இடியப்பம் பிழியும்போது இழை அறுந்துகொண்டே இருக்கும்.

"புட்டுக்கோ இடியப்பத்துக்கோ?" என்று கேட்டுவிட்டுத்தான் மெஷினைப் போட்டார். முதலில் விழுந்த மாவை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, பக்கத்துத் திருகைக் கொஞ்சம் இறுக்கினார். திரும்பவும் தேய்த்துப் பார்த்த பிறகுதான் மிச்ச அரிசியைக் கொட்டினார். வீட்டில் வறுத்து அரிதட்டில் அரித்தபோது கப்பி ஒரு சிரட்டை கூட வரவில்லை.

மிளகாய்க்குத் தனி மெஷின் வைத்திருக்கிறார். இது எனக்கு முக்கியம். வேறொரு மில்லில் மிளகாய்த்தூள் இடித்த கையோடு என் மகளின் குரக்கனைத் திரித்துத் தந்தார்கள். முதல் வாய்க் கூழிலேயே பிள்ளை கத்தி அழுதாள். அந்தப் பக்கம் பிறகு நான் போகவில்லை.

குறையும் உண்டு. உட்கார ஒரு வாங்கு இல்லை, மா தூசி தலையெல்லாம் படியும், ஐயாவுக்குச் சுகமில்லை என்றால் மில் பூட்டுத்தான். பழக ஒரு பெடியனும் வருவதில்லை என்று சொல்லி வருத்தப்பட்டார்.

எனக்கும் அதுதான் பயம். 2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் போனபோது கடையில் கோதுமை மா எடுக்க முடியவில்லை, பாண் விலை சில மாதங்களிலேயே இரண்டு மடங்கைத் தாண்டியது. கோதுமை எங்கள் மண்ணில் விளைகிற பயிர் இல்லை. திருகோணமலையில் 1980இல் தொடங்கிய பிரிமா கோதுமை மா ஆலை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், கப்பலில் தானியம் வந்தால்தான் அங்கே மா. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் காலையும் இரவும் அடுப்பில் ஏறியது இந்த மில்லில் திரித்த அரிசி மாவும் குரக்கன் மாவும்தான். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். ஐயா நேர அட்டவணையைக் கதவில் ஒட்டிவைத்து, கரண்ட் வந்த நேரமெல்லாம் இரவிலும் திரித்துத் தந்தார். அரிசிக்கும் அப்போது இழுபறிதான். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்ததில் விளைச்சல் விழுந்து, வெளியிலிருந்து அரிசி இறக்க வேண்டி வந்தது. ஆனாலும் வீட்டில் இருந்த ஒரு மூட்டை நெல்லை மாவாக்க எங்களுக்கு ஓர் இடம் இருந்தது.

இப்போது கோதுமை மா தாராளமாகக் கிடைக்கிறது, பக்கெட்டில் வறுத்த அரிசி மாவும் கிடைக்கிறது. வரிசை குறைந்துவிட்டது. நான் நின்ற ஒன்றரை மணித்தியாலத்தில் வந்தது என்னோடு சேர்த்து நாலு பேர். முன்பு சனிக்கிழமை என்றால் சட்டிகள் மதில் வரை வரிசையில் இருக்கும்.

மூன்று கிலோவுக்கு 240 ரூபாய் எடுத்தார். பக்கெட் மாவோடு பார்த்தால் அரிசிக் காசையும் சேர்த்து எனக்கு மிச்சம்தான். விடிய எட்டு மணிக்கு முன்பு போங்கள், அரிசியை நன்றாக வடியவிட்டுக் கொண்டு போங்கள், மா கொண்டுவர மூடியுள்ள வாளி எடுத்துப் போங்கள். மா சூடாக இருக்கும்போது மூட வேண்டாம், வேர்த்துப் புளித்துவிடும்.