இரண்டு மில்லி குறைந்த மேனிஃபோல்டு: எம்ஜிபிக்கு வெபர் மாட்டிய கதை

என் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜிபிக்கு வெபர் கார்புரேட்டர் மாட்டப் புறப்பட்டேன். மெக்கானிக் பாய் வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்து காட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. புதிதாக வாங்கிய இன்டேக் மேனிஃபோல்டின் (கார்புரேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாய்) ஃபிளேஞ்ச், அதாவது எஞ்சினோடு இறுக்கும் விளிம்பு, 11 மி.மீ. பக்கத்தில் உட்காரும், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஃபிளேஞ்ச் 13 மி.மீ.

"இன்னா சார், ரெண்டு மில்லி காணோம். இத எப்பிடி இறுக்குறது?"

ரெண்டு மில்லியில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: எம்ஜிபியின் பி-சீரிஸ் எஞ்சினில் காற்று போகும் வழியும் புகை வரும் வழியும் சிலிண்டர் ஹெட்டின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. இரண்டு மேனிஃபோல்டுகளையும் சில ஸ்டட்கள் (மரை போட்ட கம்பிகள்) பொதுவாகப் பிடித்திருக்கும். நட்டுக்குக் கீழே தடித்த பெரிய வாஷர் ஒன்று, பாதி இந்த ஃபிளேஞ்ச் மேலும் பாதி அந்த ஃபிளேஞ்ச் மேலும் உட்காரும். இரண்டும் ஒரே தடிமனில் இல்லாவிட்டால் வாஷர் சாய்ந்துவிடும். தடித்த பக்கம் இறுகும், மெலிந்த பக்கம் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். எவ்வளவு முறுக்கினாலும் நடுவில் வைக்கும் பேக்கிங் வழியாகக் காற்று இழுக்கும்.

இழுத்தது. ஐட்லிங்கில் மெலிதாக ஒரு சீட்டி. ஆக்சிலரேட்டரை விட்டால் கார்புரேட்டர் வாயில் 'பட்' என்று ஒரு தும்மல். பாய் கார்ப் கிளீனரை இணைப்பின் மேல் பீய்ச்சினார், கசிவு வழியாக எஞ்சின் அதையும் இழுத்து, ஆர்.பி.எம். (சுழற்சி வேகம்) சட்டென்று ஏறியது. அதற்கு முன் இரண்டு வாரம் கார்புரேட்டரின் ஜெட்டை (பெட்ரோல் வரும் துளை) மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். பொழுதும் போச்சு, பெட்ரோலும் போச்சு.

வண்டி 1967 மாடல், 1798 சிசி. என் மாமனார் மெட்ராஸில் ஒரு தூதரக அதிகாரியிடம் வாங்கியது. இப்போது சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு ஷெட்டில் நிற்கிறது. கம்பெனி போட்டது இரட்டை எஸ்யூ எச்எஸ்4 கார்புரேட்டர். அதன் ஸ்பிண்டில் (உள்ளே சுழலும் தண்டு) தேய்ந்து, எவ்வளவு ட்யூன் செய்தாலும் ஐட்லிங் நிற்கவில்லை. புது புஷ் அடித்தால் எஸ்யூ இன்னும் இருபது வருஷம் ஓடும் என்று பாய் அப்போதே சொன்னார். எனக்குத்தான் வெபர் 45 டிசிஓஇ (படுக்கை வாட்டில் உட்காரும் இரண்டு பேரல் கார்புரேட்டர்) ஆசை. அந்த உறுமல் சத்தத்துக்காக என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே உடைத்துவிட வேண்டும். வெபர் என்றாலே சிலிண்டருக்கு ஒரு பேரல் (காற்றுக்குழல்) என்று நினைப்போம். இந்த ஹெட்டில் இன்டேக் போர்ட் (காற்று நுழையும் வாய்) இரண்டே இரண்டு. 1, 2-ம் சிலிண்டர்களுக்கு ஒன்று. 3, 4-க்கு ஒன்று. எஞ்சின் 1-3-4-2 என்ற வரிசையில் எரிகிறது. அதனால் 2-ம் 1-ம் அடுத்தடுத்து ஒரே வாயில் மூச்சு இழுக்கும், 3-ம் 4-ம் அதேபோல. பிறகு அந்த வாய்க்கு நீண்ட ஓய்வு. ஆக ஒரு டிசிஓஇ, இரண்டு பேரல், இரண்டு போர்ட். அதற்கு மேல் தேவையில்லை. இரண்டு டிசிஓஇ மாட்டச் சொல்பவர் இந்த ஹெட்டைக் கழற்றிப் பார்க்காதவர்.

முதலில் வாங்கியது குட்டை மேனிஃபோல்டு. ஆன்லைனில் 9,500 ரூபாய், கண்ணாடி மாதிரி பாலிஷ். விற்றவர் பெயர் வேண்டாம். ஃபிளேஞ்ச் கதைதான் சொன்னேனே. அது போக, பழைய பேக்கிங்கை அதன் முகத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு போர்ட் நிலாப்பிறை மாதிரி ஒரு ஓரம் மறைந்திருந்தது. வெளியே பளபளப்பு, உள்ளே வார்ப்பு மணலின் சொரசொரப்பு அப்படியே. வெளியைத் தேய்த்த நேரத்தில் பாதியை உள்ளே செலவழித்திருக்கலாம்.

அதையும் சரிக்கட்டி, படிவெட்டிய வாஷர் கடைந்து போட்டு ஓட்டினேன். ஏப்ரல் வரை ஓடியது. அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் வெயிலூர் என்று பேரெடுத்த எங்கள் வேலூர் தன் வேலையைக் காட்டிவிட்டது. மேனிஃபோல்டு குட்டை என்றால் கார்புரேட்டர் எக்ஸாஸ்டை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். கிரீன் சர்க்கிள் நெரிசலில் பத்து நிமிஷம் நின்றேன், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையில் பெட்ரோல் கொதித்து வண்டி அணைந்துவிட்டது. பின்னால் காட்பாடி பஸ். கண்டக்டர் இறங்கி வந்து தள்ளிவிட்டார், "ஷோக்கான வண்டி சார்" என்று வேறு சொன்னார். பழைய எஸ்யூவுக்குப் பின்னால் கம்பெனிக்காரன் ஒரு தகடும், வெப்பம் ஏறாத ஸ்பேசரும் ஏன் வைத்தான் என்று அன்றைக்குப் புரிந்தது.

இரண்டாவது நீள மேனிஃபோல்டு. இங்கிலாந்திலிருந்து வரவழைத்தது, கஸ்டம்ஸ் எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய் (வீட்டில் சொன்ன தொகை வேறு). வார்ப்பு முரடு, பாலிஷ் கிடையாது. ஆனால் பாய் ஃபிளேஞ்சை சர்ஃபேஸ் பிளேட்டில் (சமதளம் சோதிக்கும் தகடு) நீலம் தடவித் தேய்த்தபோது முகம் முழுக்க நீலம் ஒரே சீராகப் பிடித்தது. தடிமன் எக்ஸாஸ்டோடு கச்சிதமாக ஒத்துப்போனது. கார்புரேட்டர் சூட்டிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் போயிற்று. குழாய் நீண்டதால் கீழ் ஆர்.பி.எம்.மில் இழுவையும் கூடியது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவில் முன்பு இரண்டாம் கியருக்கு இறங்கிய பல இடங்களில் இப்போது மூன்றிலேயே ஏறுகிறது.

குறை இல்லாமல் இல்லை. நீளத்தால் கார்புரேட்டரின் வாய், எஞ்சின் அறையின் பக்கத் தகட்டை நெருங்கிவிடுகிறது, ஒல்லியான ஃபில்டர்தான் போட முடிகிறது. நம் ஊர் வண்டிக்கு ஸ்டீயரிங் வலப்பக்கம், கார்புரேட்டர் இடப்பக்கம், அதனால் பிழைத்தோம். இடப்பக்க ஸ்டீயரிங் வண்டியில் பெடல் பெட்டியும் அங்கேயே நிற்கும். வாங்குமுன் ஸ்கேலை எடுத்து அளந்துவிடுங்கள். இன்னொன்று, 1967 வண்டியில் கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிப்பகுதி) ஆவியை இழுக்கும் வால்வு பழைய மேனிஃபோல்டில்தான் இருந்தது. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்யூம் குழாய் எஸ்யூவில் மாட்டியிருந்தது. புதியதில் இரண்டுக்கும் ஓட்டை இல்லை. ராணிப்பேட்டை லேத்தில் துளை போட்டு மரை வெட்டினோம். துளை போட மேனிஃபோல்டில் தடித்த புடைப்பு விட்டிருக்கிறார்களா என்று படத்திலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

டவுன்டிராஃப்ட் (காற்று மேலிருந்து கீழே போகும்) வெபர் டிஜிவி கார்புரேட்டருக்கான மேனிஃபோல்டும் கிடைக்கிறது. நண்பர் வண்டியில் ஓட்டிப் பார்த்தேன். தொல்லை இல்லை, உறுமலும் இல்லை. தினமும் ஆபீஸ் போக அது போதும்.

மாட்டுபவர்கள் மறக்கக் கூடாதது மிசாப் பிளேட். டிசிஓஇயை மேனிஃபோல்டில் இரும்பாக இறுக்கக் கூடாது. நடுவில் ரப்பர் ஓ-ரிங் வைத்த பிளேட், நட்டுக்கு அடியில் சுருள் வாஷர். சுருளுக்கு நடுவே அரை மில்லி இடைவெளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் அதிர்வில் பெட்ரோல் மோர் கடைந்த மாதிரி நுரைத்துவிடும். இப்போது பங்கில் ஊற்றுவது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) என்பதால் சாதாரண ரப்பர் ஊதிப்போகிறது. என்னுடையது எட்டு மாதத்தில் போயிற்று, எத்தனாலைத் தாங்கும் விட்டான் ரப்பரில் மாற்றியிருக்கிறேன்.

குட்டை மேனிஃபோல்டு இன்னும் பாய் பட்டறையில்தான் கிடக்கிறது. எக்ஸாஸ்ட் ஃபிளேஞ்சையும் இரண்டு மில்லி சீவிக்கொண்டு, போர்ட்டையும் தாமே அரைத்துக்கொள்ளத் துணிந்தவர் யாராவது இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளலாம். காசு வேண்டாம்.