இளைஞர் நீதிக் குழுமத்தில் பிள்ளைக்கு யார் வாதாடுவது: இலவச வக்கீலா, சொந்த வக்கீலா?

18 வயதுக்குட்பட்டவர்களின் குற்ற வழக்கை விசாரிப்பது இளைஞர் நீதிக் குழுமம். அது பையனைக் கூர்நோக்கு இல்லத்துக்கு (விசாரணைக் காலத்தில் சிறாரை வைக்கும் இடம்) அனுப்பியதுமே, வக்கீல் ஃபீஸுக்காகப் பெற்றோர் நகையை அடகு வைக்க ஓடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

செலவு: மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு தரும் வக்கீலுக்குக் கட்டணம் இல்லை. 18 வயதுக்குட்பட்டவர் என்றால் போதும், வருமானச் சான்று கேட்கமாட்டார்கள். 15100க்குப் போன் செய்யலாம். சொந்த வக்கீலுக்கு ஃபீஸ், ஒவ்வொரு வாய்தாவுக்கும் கைச்செலவு.

அனுபவம்: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் உட்கார்ந்திருப்பார்கள். செஷன்ஸ் கோர்ட்டில் முழங்கும் பெரிய வக்கீலின் குரல் அங்கே எடுபடாது. வாரந்தோறும் அங்கே நிற்கும் இலவச வக்கீலுக்கு 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 12ஆம் பிரிவு (ஜாமீன்) தலைகீழ்ப் பாடம். வயதை உறுதிசெய்ய, பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதியைத்தான் முதலில் பார்ப்பார்.

நேரம்: இலவச வக்கீலிடம் வழக்குக் கட்டுகள் அதிகம், போனை எடுக்கமாட்டார். சொந்த வக்கீல் எடுப்பார், பெரும்பாலும்.

திருட்டு, அடிதடி என்றால் இலவச வக்கீலே போதும். பையனுக்கு 16 தாண்டி, கொலை போன்ற கொடுங்குற்றம் என்றால், பெரியவர்போல் விசாரிப்பதா என்று குழுமம் முதலில் மதிப்பிடும். அந்தக் கட்டத்துக்குச் சிறார் வழக்கு பார்த்த சொந்த வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள்.