திவாலானவர் பொய்க் கடனை மறுக்கலாமா? நான்கு நாட்டுச் சட்டங்கள், ஒரே கணக்கு

ஒருவர் மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தறி, வீடு, வண்டி எல்லாம் விற்றதில் வந்தது 10 லட்சம். நிஜமான கடன் 20 லட்சம். ரூபாய்க்கு ஐம்பது பைசா வீதம் பிரித்துக் கொடுத்தால் விவகாரம் முடிந்துவிடும். அந்த நேரம் பார்த்து இன்னொருவர் 20 லட்சத்துக்கு ஒரு புரோநோட்டை நீட்டுகிறார். "இவரிடம் நான் வாங்கவே இல்லை, இது என் கையெழுத்தும் இல்லை" என்கிறார் திவாலானவர்.

அவர் சொல்வது உண்மையா பொய்யா என்பது பிறகு. அதைக் கோர்ட்டில் எழுந்து சொல்ல அவருக்கு உரிமை உண்டா என்பதுதான் முதல் கேள்வி. கோர்ட்டு வட்டாரத்தில் இதை 'லோக்கஸ்' என்பார்கள். லோக்கஸ் இல்லாதவர் கையில் எவ்வளவு நல்ல ஆதாரம் இருந்தாலும் அதை யாரும் வாங்கிப் பார்க்கமாட்டார்கள்.

(தமிழில் 'கடன்காரன்' என்றால் கொடுத்தவனும்தான், வாங்கியவனும்தான். குழப்பம் வேண்டாம் என்று இங்கே கடனாளி, கடன் கொடுத்தவர் என்றே எழுதுகிறேன்.)

கணக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். பொய் புரோநோட்டு உள்ளே வந்தால் மொத்தக் கடன் 40 லட்சமாகிறது, ரூபாய்க்கு இருபத்தைந்து பைசாதான் தேறும். நிஜமாகக் கடன் கொடுத்தவர்களுக்கு 10 லட்சத்துக்குப் பதில் 5 லட்சம். கடனாளிக்கு? அப்போதும் பூஜ்யம், இப்போதும் பூஜ்யம். "உனக்கு இதில் என்னப்பா நஷ்டம்?" என்று நீதிபதி கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். பல நாட்டுச் சட்டங்கள் இந்தக் கேள்வியைத்தான் கேட்கின்றன. எங்கே கேட்கின்றன, எங்கே கேட்காமல் விடுகின்றன என்பதில்தான் வித்தியாசம்.

அமெரிக்காவிலிருந்து தொடங்கலாம். அங்கே ஒரே சட்டத்துக்குள் இரண்டு எதிரெதிர் பதில்கள் இருக்கின்றன.

அமெரிக்கத் திவால் சட்டத்தின் 502ஆம் பிரிவுப்படி, கடன் கொடுத்தவர் ஒரு கிளெய்ம் (எனக்கு இவ்வளவு வரவேண்டும் என்ற கோரிக்கை) தாக்கல் செய்தால், 'அக்கறையுள்ள தரப்பு' யாராவது ஆட்சேபிக்காத வரை அது ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். யாரும் வாய் திறக்கவில்லை என்றால் பொய்யும் கடன்தான். அந்த 'அக்கறையுள்ள தரப்பு' என்பதில் கடனாளி அடக்கமா என்பது, அவர் எந்த அத்தியாயத்தின் கீழ் திவால் மனு போட்டார் என்பதைப் பொறுத்தது.

7ஆம் அத்தியாயம் என்பது சொத்தை ஒப்படைத்துவிட்டுக் கையைக் கழுவும் வழி. சொத்து, அதை விற்றுப் பிரித்துக் கொடுக்க நியமிக்கப்படும் டிரஸ்டியிடம் போய்விடும். கிளெய்ம்களைச் சரிபார்த்து, தவறானதை ஆட்சேபிப்பது டிரஸ்டியின் கடமை. கடனாளிக்குப் பொதுவாக லோக்கஸ் இல்லை. மேலே சொன்ன பூஜ்யம்தான் காரணம். ஆனால் இரண்டு விலக்குகளை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன.

முதலாவது, மிச்சம் வரும் நிலை. நம் கணக்கில் சொத்து 30 லட்சத்துக்குப் போயிருந்தால், 20 லட்சம் கடன் போக, செலவும் வட்டியும் ஒருபுறம் இருக்கட்டும், 10 லட்சம் கடனாளிக்கே திரும்ப வேண்டும். பொய் புரோநோட்டு அந்த 10 லட்சத்தை விழுங்கிவிடும். இப்போது அவருக்கும் நஷ்டம், எனவே எழுந்து பேசலாம்.

இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. அமெரிக்காவில் கல்விக்கடன் திவாலானாலும் லேசில் தள்ளுபடி ஆகாது. நம் 20 லட்சத்தில் 4 லட்சம் கல்விக்கடன் என்று வையுங்கள். பொய் நோட்டு இல்லாவிட்டால் அதில் 2 லட்சம் அடைபடும், திவாலுக்குப் பிறகு 2 லட்சம் பாக்கி. பொய் நோட்டு வந்தால் 1 லட்சம்தான் அடைபடும், 3 லட்சம் பாக்கி தலையில் விழும். அந்த ஒரு லட்சத்துக்காக அவருக்கு லோக்கஸ் கிடைக்கும்.

தர்க்கம் கச்சிதமாகத்தான் இருக்கிறது. எனக்கு உறுத்துவது டிரஸ்டியின் ஊதியக் கணக்கு. அந்தச் சட்டத்தின் 326ஆம் பிரிவு டிரஸ்டியின் ஊதியத்துக்கு உச்சவரம்பு வைக்கிறது: முதல் 5,000 டாலருக்கு 25 சதவீதம், அதற்கு மேல் 50,000 வரை 10 சதவீதம், பத்து லட்சம் டாலர் வரை 5 சதவீதம், அதற்கும் மேலே 3 சதவீதம். இந்தச் சதவீதம் எதன் மீது? டிரஸ்டி மற்றவர்களுக்குப் பட்டுவாடா செய்யும் தொகையின் மீது. கடனாளிக்குத் திரும்பும் தொகை அதில் சேராது. அதாவது, 10 லட்சம் பொய் நோட்டுக்காரருக்குப் போனால் கமிஷன் கணக்கில் ஏறும், கடனாளிக்குத் திரும்பினால் ஏறாது. எல்லா டிரஸ்டியும் இதை மனதில் வைத்து நடக்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பொய்யைக் கண்டுபிடிக்கும் வேலையை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, கண்டுபிடித்தால் ஊதிய வரம்பு குறையும்படி அமைத்திருப்பது விசித்திரம்தான். மிச்சம் இருக்கும்போது கடனாளிக்கு வாய் கொடுத்தது நல்லதாகப் போயிற்று.

13ஆம் அத்தியாயம் வேறு ரகம். மாத வருமானம் உள்ளவர் சொத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, மூன்று முதல் ஐந்து வருடம் தவணை கட்டும் வழி இது. பணம் அவருடைய வருங்காலச் சம்பளத்திலிருந்து போகிறது. அதனால் ஒவ்வொரு கிளெய்மையும் ஆட்சேபிக்க அவருக்கு உரிமை உண்டு, யாரும் மிச்சக் கணக்குக் கேட்பதில்லை.

அந்த உரிமைக்கு என்ன மதிப்பு என்பதை 2017ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த மிட்லண்ட் ஃபண்டிங் வழக்கில் பார்க்கலாம். அலபாமாவைச் சேர்ந்த ஒரு பெண் 2014ல் 13ஆம் அத்தியாயத்தில் மனு போட்டார். பழைய கடன்களை வாங்கி வசூலிக்கும் மிட்லண்ட் நிறுவனம், கிரெடிட் கார்டு பாக்கி 1,879 டாலர் 71 சென்ட் என்று கிளெய்ம் போட்டது. அந்தக் கணக்கில் கடைசியாகச் செலவு பதிவானது 2003 மே மாதம் என்று கிளெய்மிலேயே எழுதியிருந்தது. அலபாமாவில் இப்படிப்பட்ட கடனுக்குக் காலவரம்பு ஆறு வருடம். நம்மூரில் மூன்று வருடம் தாண்டிய புரோநோட்டைத் தூசி தட்டி எடுத்து வருவதைப் போலத்தான். கடனாளி ஆட்சேபித்தார், திவால் கோர்ட்டும் கிளெய்மைத் தள்ளியது. அப்புறம் அவர் ஒரு படி மேலே போய், காலாவதியானது என்று தெரிந்தே கிளெய்ம் போட்டது ஏமாற்று வசூல் என்று, முறைகேடான கடன் வசூலைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். அதில் உச்ச நீதிமன்றம் 5-3 என்ற கணக்கில் நிறுவனத்தின் பக்கம் நின்றது. காலாவதிக் கிளெய்ம் தாக்கல் செய்வது அந்த வசூல் சட்டத்தின்படி மோசடி ஆகாது, அதைத் தடுக்கத் திவால் நடைமுறையிலேயே டிரஸ்டியும் ஆட்சேப வழியும் இருக்கின்றன என்பது பெரும்பான்மையின் பார்வை.

சரி, யாராவது ஆட்சேபித்தால்தானே அந்த வழி வேலை செய்யும்? இதே பெண் 7ஆம் அத்தியாயத்தில் வந்திருந்து, மிச்சமும் இல்லை என்றால், டிரஸ்டி கண்ணில் படும்வரை அந்தப் பதினோரு வருடப் பழைய பாக்கி உயிரோடு இருந்திருக்கும். ஆயிரத்து எண்ணூறு டாலர் கிளெய்முக்காக எந்த டிரஸ்டி மெனக்கெடுவார்?

பெரும்பாலும் கம்பெனிகள் கடனைச் சீரமைக்கப் போகும் 11ஆம் அத்தியாயத்தைப் பற்றி ஒரு வரி போதும்: அங்கே 1109ஆம் பிரிவு கடனாளியைப் பெயர் சொல்லியே 'அக்கறையுள்ள தரப்பு' பட்டியலில் சேர்த்திருக்கிறது, சண்டைக்கே இடமில்லை.

இங்கிலாந்துக்குப் போனால் விஷயம் கொஞ்சம் சிக்கல். 1993ல் ஹீத் எதிர் டாங் என்ற வழக்கில் நீதிபதி ஹாஃப்மன் எழுதிய தீர்ப்பை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். திவாலான பிறகு, தன்மீது ஏற்கெனவே வந்த பணத் தீர்ப்பை எதிர்த்துக் கடனாளியே மேல்முறையீடு செய்ய முடியாது. அடைக்கப்போவது டிரஸ்டியிடம் உள்ள சொத்திலிருந்து, எனவே முறையீடு செய்வதா வேண்டாமா என்று முடிவெடுப்பதும் டிரஸ்டிதான். திவால் உத்தரவையே எதிர்க்கலாம், அதை ரத்து செய்யக் கேட்கலாம். அந்தக் கதவுகள் மட்டும் திறந்திருக்கின்றன.

டிரஸ்டியின் முடிவு பிடிக்காவிட்டால் 1986 திவால் சட்டத்தின் 303ஆம் பிரிவுப்படி நீதிமன்றத்துக்குப் போகலாம். 'திவாலானவர், கடன் கொடுத்தவர், அல்லது வேறு யாரும்' என்று தாராளமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் 2023 ஆகஸ்டில் பிரேக் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைச் சுருக்கிவிட்டது: பொதுவாக, மிச்சம் வர வாய்ப்பு இருந்தால்தான் திவாலானவர் அந்த வழியில் போக முடியும். சட்டத்தின் எழுத்தில் 'யாரும்', தீர்ப்பில் 'பணம் தேறுபவர்'.

இதற்கிடையில் 2016ஆம் ஆண்டு விதிகளில் 14.8 என்று ஒன்று இருக்கிறது. ஒரு கிளெய்மை டிரஸ்டி ஏற்றதோ மறுத்ததோ பிடிக்காவிட்டால், திவாலானவர் அந்த முடிவு தெரிந்த 21 நாளுக்குள் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று அவரைப் பெயர் சொல்லியே அனுமதிக்கிறது. நம் புரோநோட்டுக் கதைக்கு நேராகப் பொருந்துவது இதுதான். 303 என்ற பெரிய வாசலில் முட்டிக்கொள்வதைவிட இந்தச் சின்ன வாசல் மேல். 21 நாளைத் தவறவிடக்கூடாது, அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவும் பணத் தீர்ப்பு விஷயத்தில் இங்கிலாந்தின் வழியில்தான் போயிற்று. 1996ல் கம்மிங்ஸ் எதிர் கிளேர்மான்ட் பெட்ரோலியம் வழக்கில், திவாலானவருக்கு அப்படிப்பட்ட மேல்முறையீட்டு உரிமை இல்லை என்று அங்குள்ள உயர் நீதிமன்றம் (அந்த நாட்டில் அதுதான் உச்ச நீதிமன்றம்) சொல்லிவிட்டது. ஆனால் தீர்ப்பு ஏறாத சாதாரணக் கிளெய்ம் என்றால் 1966 சட்டத்தின் 104ஆம் பிரிவு இருக்கிறது: டிரஸ்டியின் முடிவை மறுபரிசீலனை செய்யும்படி 'கடன் கொடுத்தவரோ திவாலானவரோ' கேட்கலாம். இரண்டு பேரையும் ஒரே வரியில், ஒரே தரத்தில் வைத்திருக்கிறார்கள். மிச்சம் வருமா என்ற நிபந்தனை அந்த வரியில் இல்லை. விதியில் ஒளித்து வைக்காமல் சட்டத்திலேயே எழுதியது எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்தியாவுக்கு வருவோம். நிறையப் பேர் 2016 திவால் சட்டத்தொகுப்பு வந்தவுடன் பழையதெல்லாம் போய்விட்டதாக நினைக்கிறார்கள். அப்படியில்லை. தனிநபர்களில், திவாலான கம்பெனிக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் புதிய சட்டம் அமலுக்கு வந்தது. நம் தறிக்காரரைப் போன்ற சாதாரண ஆள் ஐ.பி. (திவால் மனு) கொடுத்தால் சென்னை நகரத்துக்குள் 1909ஆம் வருடச் சட்டம், மாவட்டங்களில் 1920ஆம் வருட மாகாணத் திவால் சட்டம்.

அந்த 1920 சட்டத்தின் 50ஆம் பிரிவைப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. கடன் பட்டியலில் தவறாக ஏறிய கடனை நீக்கச் சொல்லி, திவாலானவரின் சொத்தைப் பொறுப்பேற்கும் ரிசீவர் கேட்கலாம். ரிசீவர் நியமிக்கப்படாவிட்டாலோ, இருந்தும் அவர் அசையாவிட்டாலோ கடன் கொடுத்தவர் கேட்கலாம். கடனாளி எப்போது கேட்கலாம்? சமரசத் திட்டம் போட்டிருந்தால் மட்டும். சமரசம் என்றால் அவரே பணம் புரட்டிக் கொடுப்பது. அமெரிக்காவின் 13ஆம் அத்தியாயத்தில் உள்ள அதே கோடு: உன் கையிலிருந்து போனால் பேசு, விற்ற சொத்திலிருந்து போனால் சும்மா இரு. அந்தக் கோட்டை நூறு வருடம் முன்பே இங்கே கிழித்துவிட்டார்கள்.

ஆனால் இன்னொரு சந்து இருக்கிறது. கிளெய்மை ஏற்கும் அதிகாரம் அபிஷியல் ரிசீவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தால், அவருடைய முடிவால் பாதிக்கப்பட்ட 'திவாலானவரோ, கடன் கொடுத்தவரோ, வேறு யாருமோ' 68ஆம் பிரிவின் கீழ் 21 நாளுக்குள் கோர்ட்டுக்குப் போகலாம். அங்கேயும் "நீ எப்படிப் பாதிக்கப்பட்டாய்?" என்ற கேள்வி வரும், அதற்குத் தயாராகப் போக வேண்டும்.

கடனாளியின் பேச்சின் மீதுள்ள இந்த அவநம்பிக்கைக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. நம் பக்கத்தில் பொய்ப் புரோநோட்டு என்றால் பெரும்பாலும் நினைவுக்கு வருவது கடனாளியே மச்சான் பெயரிலும் மாமா பெயரிலும் முன்தேதியிட்டு எழுதிக் கொடுப்பதுதான். திவாலுக்கு முன்னால் உறவுக்குள் கடன் முளைப்பது புதிதா என்ன? அப்படிப்பட்டவர் எழுந்து "இந்தக் கடன் பொய்" என்றால், தனக்கு வேண்டாதவரின் கடனை மட்டும் பொய் என்கிறாரோ என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் அது அவர் பேச்சை நம்புவதா என்ற கேள்வி. பேசவிடுவதா என்ற கேள்விக்கு அதை விடையாக்குவது சரியில்லை. கையெழுத்து யாருடையது என்று தெரிந்த ஆள் அந்த அறையில் அவர் ஒருவர்தான்.

கம்பெனி திவாலில் நிலைமை இன்னும் கறார். 2017ல் இன்னோவென்டிவ் வழக்கில், நிர்வாகம் திவால் நிபுணர் கைக்குப் போன பிறகு பழைய இயக்குநர்கள் கம்பெனியின் பெயரால் மேல்முறையீடு செய்ய முடியாது என்றது இந்திய உச்ச நீதிமன்றம். 2019ல் விஜய் குமார் ஜெயின் வழக்கில் கொஞ்சம் இறங்கி, கடன் கொடுத்தவர்கள் குழுவின் கூட்டத்தில் உட்காரவும் தீர்வுத் திட்டத்தின் நகலைப் பெறவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்றது. உட்காரலாம், பேசலாம், ஓட்டு மட்டும் கிடையாது.

நான்கில் எனக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், தீர்ப்பு ஏறாத கடனுக்கு ஆஸ்திரேலியா. தவணை கட்டிப் பிழைக்க முடிகிறவருக்கு அமெரிக்காவின் 13. இங்கிலாந்து மூன்றாவது, அதுவும் அந்த 14.8 விதியின் தயவில். கடைசி இடத்தில் வைப்பது நம் 1920 சட்டத்தை அல்ல, புதிய தொகுப்பின் 99(3)ஐ.

அது ஜாமீன்தாரர்களுக்கானது. கடன் கொடுத்தவர் மனு போட்டு, அந்தக் கடன் 'தகவல் பயன்பாட்டு நிறுவனம்' எனப்படும் பதிவேட்டில் ஏறியிருந்தால், அந்தக் கடன் செல்லுமா என்று கடனாளி கேள்வி எழுப்பவே உரிமையில்லை என்று பச்சையாக எழுதியிருக்கிறது. மற்ற நாடுகள் 'உனக்கு என்ன நஷ்டம்' என்றாவது கேட்டன. இங்கே நஷ்டம் முழுக்க அவருடையது, ஆனாலும் வாய் திறக்கக்கூடாது. இந்த 99ஐயும் உள்ளடக்கிய 95 முதல் 100 வரையிலான பிரிவுகள் செல்லும் என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திவால் நிபுணர் தருவது பரிந்துரை மட்டுமே, மனுவை ஏற்பதா தள்ளுவதா என்ற 100ஆம் பிரிவுக் கட்டத்தில் தீர்ப்பாயம் கடனாளியைக் கேட்டுத்தான் முடிவெடுக்கும் என்பது அதில் உள்ள ஆறுதல்.

ஆக, ஜாமீன்தாரருக்கு மறுக்கும் நேரம் திவாலுக்கு வெகு முன்னாலேயே வந்துவிடுகிறது. பதிவேட்டில் கடன் தவறியதாகத் தகவல் ஏற்றும்போது, 'இந்த விவரம் சரியா' என்று கேட்டு அவருக்குத் தகவல் வரும். குறைந்தது மூன்று நினைவூட்டல், ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள் அவகாசம். எதற்கும் பதில் போடாவிட்டால், அவர் ஒப்புக்கொண்டதாகவே குறித்துக்கொள்வார்கள்.