கோடக்ரோம், வெல்வியா, புரோவியா: எந்த ஸ்லைடு நிலைக்கும்?

புரொஜெக்டரில் போட்டுத் திரையில் காட்டும் ஸ்லைடு ஃபிலிம்களில் கோடக்ரோமும் எக்டாக்ரோமும் கோடக்குடையவை, வெல்வியாவும் புரோவியாவும் ஃபூஜியுடையவை. ஸ்லைடு ஃபிலிம் என்றதும் பலரும் கிரெயினைத்தான், அதாவது படத்தில் தெரியும் துகள்களைத்தான், முதலில் கேட்கிறார்கள். எனக்கு அது கடைசிக் கேள்வி. கிரெயினை அளக்கும் ஆர்எம்எஸ் எண் குறைந்தால் துகள் நயம் என்று அர்த்தம். கோடக்ரோம் 64-க்கு அது 10, வெல்வியா 50-க்கு 9, புரோவியா 100எஃப்-க்கும் இன்றைய எக்டாக்ரோம் இ100-க்கும் 8. இந்த வித்தியாசம் கண்ணுக்கு எளிதில் பிடிபடாது. ஆனால் வெல்வியா 50-ஐவிட இரு மடங்கு வேகமாக (பாதி வெளிச்சமே போதும்) இருந்தும் புரோவியா அதைவிட நயமாக இருக்கிறதே, அது பெரிய விஷயம்.

நிறத்தில்தான் ஆளுக்கு ஆள் மனசு மாறும். 1990-இல் வந்த வெல்வியா பச்சையையும் சிவப்பையும் தூக்கிக் காட்டும். மழை விட்ட காட்டுக்கு அதுதான் சரி, முகத்துக்கு வேண்டாம், தோல் சிவந்துபோகும். புரோவியா நிதானமானது. கோடக்ரோமின் ஆழ்ந்த சிவப்பு வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

சரி, ஆயுள். மற்ற ஸ்லைடு ஃபிலிம்களில் சாயத்தை உண்டாக்கும் கப்ளர்கள் ஃபிலிமுக்குள்ளேயே இருக்கும். கழுவிய பிறகும் மிச்சம் தங்கும். கோடக்ரோமில் அவை கழுவும்போதுதான் சேர்க்கப்பட்டன. மிச்சமே இல்லாததால் காலப்போக்கில் மஞ்சள் கறை படிவதில்லை. இருட்டில் வைத்த கோடக்ரோம்கள் பல பத்தாண்டுகள் கழித்தும் பளிச்சென்று இருக்கின்றன. அதே காலத்துப் பழைய எக்டாக்ரோம்கள் பல, இ-6 என்ற கழுவும் முறை வருவதற்கு முந்தியவை, வெளிறிச் சிவந்துவிட்டன.

ஆனால் புரொஜெக்டரில் போட்டால் கதை தலைகீழ். படங்களின் ஆயுளை ஆராய்ந்த ஹென்றி வில்ஹெல்மின் சோதனைகளில் விளக்கொளியில் சீக்கிரம் மங்கியது கோடக்ரோம்தான். ஃபூஜியின் ஸ்லைடு ஃபிலிமான ஃபூஜிக்ரோம் நன்றாகத் தாக்குப்பிடித்தது. எது நிலைக்கும் என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. பெட்டியில் உறங்கப்போகிறதா, அடிக்கடி திரையில் ஓடப்போகிறதா என்று முதலில் சொல்லுங்கள்.

கோடக்ரோம் தயாரிப்பு 2009-இல் நின்றுவிட்டது. கழுவித் தந்த கடைசி லேபும் 2010 இறுதியோடு புது ரோல்கள் வாங்குவதை நிறுத்திக்கொண்டது. ஆகவே இன்று எடுப்பதற்கு என் கை போவது புரோவியாவுக்கு, காடு மலை என்றால் வெல்வியாவுக்கு. வீட்டில் கோடக்ரோம் இருந்தால் ஒருமுறை நல்ல ஸ்கேன் எடுத்துவிட்டு, மூலத்தை ஈரமில்லாத இருட்டில் வையுங்கள். அப்புறம் ஒன்று: ஸ்கேனரின் அகச்சிவப்புத் தூசு நீக்கியை அணைத்துவிடுங்கள். கோடக்ரோமின் படத்தையே அது தூசு என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடக்கூடும்.