சென்டர் பேக் காலுக்கேற்ற பூட்ஸ்

ஆண்களுக்கான கால்பந்துப் பூட்ஸில் சிறிய அளவைத் தேடி வாங்கியே பழகிய நான், பெண்களின் பாதத்துக்கென அச்சு அமைத்துத் தயாரித்த ஒரு ஜோடியை இந்தப் பருவம் முழுவதும் அணிந்து ஆடினேன். நான் சென்டர் பேக், அதாவது கோலுக்கு முன்னே நடுவில் நிற்கும் தடுப்பாட்ட வீராங்கனை என்பதால், அந்த இடத்தில் நிற்பவருக்கு என்ன வேண்டுமோ அதை வைத்தே மதிப்பிடுகிறேன்.

எதிரணி வீராங்கனை பந்துடன் நெருங்கும்போது நாங்கள் பின்னோக்கியே அடியெடுத்து வைத்து, அவர் விலகும் பக்கம் இடுப்பைத் திருப்பி, அடுத்த கணமே முழு வேகத்தில் பாய வேண்டும். பழைய பூட்ஸில் அந்தத் திருப்பத்தில் குதிகால் உள்ளுக்குள் நழுவும். லேஸை இறுக்கினால் விரல்கள் நெரியும். பெண்களின் பாதம் பொதுவாகக் குதிகாலில் ஒடுங்கி, முன்பகுதியில் அகன்றிருப்பதே காரணம். புதிய ஜோடி குதிகாலைக் கச்சிதமாகப் பிடிக்கிறது. ஆட்டத்தின் நடுவே குனிந்து லேஸ் கட்டும் வேலை எனக்கு அறவே இல்லாமற் போயிற்று.

என் மனத்தை முழுதாகக் கவர்ந்தது அடிப்பாகம். தகடு போன்ற நீண்ட ஸ்டட்கள் (அடியில் துருத்தி நிற்கும் முளைகள்) தரையைக் கவ்வி நிற்க, உடல் மட்டும் திரும்பினால், அந்த முறுக்கு முழங்காலில் போய் இறங்கும். இதிலுள்ள குட்டையான, உருண்டை ஸ்டட்களில் கால் உடலோடு சேர்ந்தே சுழல்கிறது. முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஏசிஎல் தசைநார் கிழியும் ஆபத்து பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்தது 2 மடங்கு அதிகம் என்பதால், இதைச் சிறிய வசதியாக என்னால் எண்ண முடியவில்லை. இங்கிலாந்து அணித்தலைவியாக 2022இல் யூரோ கோப்பையை ஏந்திய தடுப்பாட்ட வீராங்கனை லியா வில்லியம்சன், 2023 ஏப்ரலில் இதே காயத்தால் அவ்வாண்டு உலகக் கோப்பையில் ஆட முடியாமல் போனார். 2025இல் தன் கிளப்பான ஆர்சனலுடன் சாம்பியன்ஸ் லீக்கையும், பிறகு மீண்டும் யூரோவையும் வென்றார் என்பது பெரும் ஆறுதல். பூட்ஸ் மட்டுமே முழங்காலைக் காத்துவிடாது; தொடைப் பின்தசையின் வலுவும், குதித்து இறங்கும் முறையும், போதிய ஓய்வும் வேண்டும்.

குறைகளும் உண்டு. மேற்பகுதி மிக மெல்லியது; கார்னர் கிக் நெரிசலில் ஒருமுறை மிதிபட்டு, என் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. சேறான தரையில் குட்டை ஸ்டட்கள் வழுக்குவதால், மழை நாளில் இன்னமும் பழைய ஜோடியைத்தான் அணிகிறேன். செயற்கைப் புல்தரையில் ஆடுபவர்கள் அதற்குரிய அடிப்பாகம் கொண்டதைத் தனியே கேட்டு வாங்க வேண்டும்.

வாங்கும்போது ஆட்டத்துக்கு அணியும் தடித்த காலுறையையே மாட்டிக்கொண்டு அளவு பாருங்கள். நின்று பார்த்தால் போதாது. கடைக்குள்ளேயே நாலடி பின்னோக்கி நடந்து, சட்டென்று திரும்பிப் பாருங்கள்.