கோப்பு யார் கையில்? பினாங்கும் கோலாலம்பூரும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் திடீரென ஒரு அடுக்குமாடி எழுகிறது. யார் அனுமதி கொடுத்தது? பினாங்கின் ஜார்ஜ்டவுனில் என்றால் கேட்க ஒரு வழி உண்டு. 2008இல் ஆட்சி மாறியதன் பலனாக வந்த மாநிலத் தகவல் சுதந்திரச் சட்டம் 2015 முதல் அங்கே நடப்பில் இருக்கிறது. ஆனால் 1972ஆம் ஆண்டின் அரசாங்க ரகசியச் சட்டம் நாடு முழுதுக்குமான கூட்டரசுச் சட்டம். மாநிலச் சட்டம் அதைத் தாண்ட முடியாது.

கோலாலம்பூர் கதையே வேறு. 1974 முதல் கூட்டரசுப் பிரதேசம். சட்டமன்றமும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. டத்தோ பண்டாரை, அதாவது மாநகர மேயரை, நியமிப்பது கூட்டரசு. அப்புறம் அவர் யாருக்குப் பதில் சொல்வார்? தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடிக்குக் கொடுத்த அனுமதியை எதிர்த்து அக்கம்பக்கத்து மக்கள் கூட்டரசு நீதிமன்றம் வரை போய் 2023இல்தான் வென்றார்கள். இப்படி வழக்கறிஞர் வைப்பது எல்லாருக்கும் கட்டுப்படியாகுமா?

பினாங்குக் கவுன்சிலர்களும் நியமனம்தான். 1965இல் நிறுத்திய உள்ளாட்சித் தேர்தலை மீட்கப் பினாங்கு போட்ட வழக்கு 2014இல் தோற்றது. ஆனாலும் மாநில அரசை ஓட்டுப் போட்டு மாற்றலாம். அதனால் என் ஓட்டு பினாங்கு முறைக்கே.