கயல் லூர்தா, கயல் அருளா?

தங்கச்சிமடத்தில் தம்பி வீட்டில் மகள் பிறந்திருக்கிறாள். கயல் என்று முடிவாகிவிட்டது. கடற்கரைப் பிள்ளைக்கு மீன் பெயர், அதில் யாருக்கும் சண்டை இல்லை. சண்டை எல்லாம் ஞானஸ்நானப் பெயராக நடுவில் எதைச் சேர்ப்பது என்பதில்தான். அம்மாவுக்குத் தன் பெயரான லூர்து. தம்பிக்கு அருள், ஓரியூரில் 1693-ல் உயிர்நீத்த புனிதர் அருளானந்தர் நினைவாக.

இரண்டையும் வாசலில் நின்று சத்தமாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். 'கயல் லூர்து' என்றால் இரண்டு லகரம் முட்டி நாக்கு ஒரு நொடி நிற்கிறது. 'கயல் அருள்' தானாகவே கயலருள் என்று ஒட்டிக்கொள்கிறது. காதுக்கு அருள்தான்.

ஆனால் நம்மூரில் பெயருக்குப் பின்னால் எது வந்தாலும் அது அப்பா பெயர்தான். பள்ளிக்கூடத்தில் "உங்கப்பா அருள் வரலையா?" என்று கேட்பார்கள். லூர்துக்கும் இந்தத் தொல்லை உண்டு. லூர்துசாமிகள் இங்கே கொஞ்சமா?

அதனால் அருள்மேரி என்று நீட்டச் சொன்னேன். மேரி வந்தால் பெண் பெயர் என்று தெரிந்துவிடும். கயல் மேரி போதாதா என்றாள் அம்மா. பழைய புணர்ச்சி விதிப்படி அது கயன்மேரி ஆகிவிடும் என்றேன். முறைத்தாள்.

அவசரமும் இல்லை. பிறப்புச் சான்றிதழில் 1 வருடம் வரை கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். அம்மாவைச் சமாதானப்படுத்த அது போதுமா என்பதுதான் சந்தேகம்.